குடிக்காத பிள்ளையின் கல்லீரல்

அந்தக் காலத்தில் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்து, வயிறு உப்பி, கால் வீங்கினால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசருக்குக் கேட்பதற்கு அதிகம் இருக்காது. கள்ளா, சம்சுவா, எத்தனை வருஷமாக என்று கேட்பார். பதில் அவருக்கே தெரிந்திருக்கும். கள்ளுக்கடை பல தோட்டங்களில் எல்லைக்குள்ளேயே இருந்தது. மாலையில் அங்கே யார் நின்றார், எவ்வளவு நேரம் நின்றார் என்பது லயம் முழுவதற்கும் தெரிந்த செய்தி.

அந்தத் தோட்டக் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 27. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. புந்தோங்கிலோ சிலிபினிலோ வீடு. காப்புறுதிக்காகவோ, வயிற்றின் வலப்பக்கம் ஏதோ கனக்கிறது என்றோ ஸ்கேன் எடுக்கிறார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாக அறிக்கை வருகிறது. "நான் குடிக்கிறதே இல்லையே டாக்டர்" என்பதுதான் அவர் முதலில் சொல்வது. வீட்டில் அம்மாவுக்கு வரும் சந்தேகம் வேறு. பிள்ளை நமக்குத் தெரியாமல் குடிக்கிறானோ? தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்குக் கல்லீரல் கெட வேறொரு வழியும் உண்டு என்று எப்படித் தெரியும்?

அவரைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவ உலகுக்கே அது வெகுநாள் தெரியாது. குடிக்காதவரின் கல்லீரலும் குடிகாரரின் கல்லீரலைப் போலவே கொழுப்பேறி அழற்சி கொள்ளும் என்பதை 1980-இல்தான் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யுர்கன் லுட்விக்கும் உடன் பணிபுரிந்தவர்களும் 20 நோயாளிகளின் திசுவை ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு முன் நுண்ணோக்கியில் அந்தப் படத்தைக் கண்ட மருத்துவர், குடிப்பதில்லை என்று சொன்ன நோயாளியை நம்பாமலிருக்கவே வாய்ப்பு அதிகம். இன்று உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்துக்கு மூவரிடம் இந்தக் கொழுப்பு உண்டு என்று கணக்கிடுகிறார்கள்.

தோட்டத்துக் குடியை எதிர்க்க ஆள் இருந்தது. 1941-இல் தெற்கே கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடச் சொல்வதும் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. போர் முடிந்தபின் வடக்கே கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். அன்று கல்லீரலைக் கெடுத்த காரணத்துக்கு ஒரு கூரையும் கதவும் இருந்தன. அதைப் பூட்டச் சொல்லிப் போராட முடிந்தது. இன்றைய காரணம் காலைப் பசியாறலிலிருந்து இரவு உறக்கம் வரை நாள் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. அதன் எதிரே யார் மறியல் செய்வது?

ஆனால் மது மட்டுமே கல்லீரலில் கொழுப்பை ஏற்றியது என்று சொன்னால் பழைய காலத்தைப் பாதிதான் சொன்னதாகும். பசியும் ஏற்றியது. ஜமைக்காவில் பிறந்த ஆங்கில மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், இன்று கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டில், தாய்ப்பால் மறந்ததும் மாவுக் கஞ்சியிலேயே வளர்ந்த குழந்தைகளுக்கு வரும் ஒரு நோயை 1930-களின் முதற்பாதியில் விவரித்தார். கைகால் வீங்கும், முடி நிறம் மாறும், தோல் உரியும். குவாஷியோர்கர் என்று அந்த ஊர் மக்கள் சொன்ன பெயரையே அவரும் எழுதினார். அந்தக் குழந்தைகளின் கல்லீரல் கொழுப்பால் ஊதியிருக்கும். காரணம் எளிது. கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பைப் புரதத்தில் பொதிந்துதான் இரத்தத்துக்கு அனுப்புகிறது. உணவில் புரதம் இல்லையென்றால் பொதிய ஒன்றுமில்லை. கொழுப்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

அதே மருத்துவர் 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். இங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைகளுக்கு ஏற்றதென்று விளம்பரம் செய்து விற்றார்கள். தாய்ப்பாலை நிறுத்திவிட்டு அதைக் கரைத்துக் கொடுத்த ஏழைத் தாய்மார்களின் குழந்தைகள் இறந்தன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்ற பொருள்படும் தலைப்பை வைத்தார். அந்த டின் பால் இந்தக் கதையை விட்டுப் போகவில்லை. பின்னால் மறுபடி வரும்.

சோற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களிலும் மலாயாவின் மற்ற இடங்களிலும் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தமிழர்களுக்கு அது அரிதாகவே வந்தது. மருத்துவர் பிராடன் இதைக் கவனித்து 1907-இல் நூலாகவே எழுதினார்: சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலிருக்கும் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. அது வைட்டமின் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்த ஒரு சமையல் வழக்கம், யாரும் அறியாமலே காப்பாற்றியது. இன்று அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் உண்பது மளிகைக் கடையில் பத்துக் கிலோப் பையாக வாங்கும் வெள்ளைச் சோற்றரிசி. புழுங்கல் பல வீடுகளில் தோசை மாவுக்கு மட்டும் ஒதுங்கிவிட்டது.

இனி உழைப்பு. பால்வெட்டுத் தொழிலாளியின் நாள் இருட்டில் தொடங்கியது. வரக்காப்பியோ தேநீரோ ஒரு குவளை, பிறகு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், பிறகு நெற்றி விளக்கோடு நிரைக்குள். ஒருவர் பங்குக்கு 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலும் கொடுத்த தோட்டங்கள் உண்டு. மரத்துக்கு மரம் பத்தடி இடைவெளி என்றால் ஒரு சுற்று ஒன்றரைக் கிலோமீட்டர். வெட்டுவதற்கு ஒரு சுற்று, பால் எடுப்பதற்கு ஒரு சுற்று, ஆக மூன்று கிலோமீட்டர். லயத்திலிருந்து போய்வரும் தூரம் தனி. கேட்பதற்கு இது பெரிய நடையாகத் தோன்றாது. ஆனால் ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து, பட்டையைச் சீவி, பால் மங்குக் கோப்பையை நிமிர்த்தி, அடுத்ததற்கு ஓட வேண்டும். கடைசியில் நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துத் தோட்டங்கள் பலவும் குன்றும் சரிவுமானவை.

இதில் என் கண்ணில் படுவது தூரத்தைவிட வரிசைதான். வெட்டு முடிந்து, பால் சொட்டி நிறையக் காத்திருக்கும் இடைவேளையில்தான் பசியாறல். சோறோ, ரொட்டியோ, முந்தின நாள் குழம்போ, அது வயிற்றுக்குள் போகும்போது உடம்பு இரண்டு மூன்று மணி நேரம் உழைத்து முடித்திருக்கும். உண்டபின்னும் மறுபடி உழைப்பு காத்திருக்கும்.

அந்த வரிசைக்கு உடலில் என்ன பலன் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரல்ட் ஷுல்மன் குழுவினர் பிற்காலத்தில் அளந்தார்கள். 2007-இல் வெளியான அவர்களது ஆய்வில் ஒல்லியான, ஆரோக்கியமான, ஆனால் இன்சுலினுக்குத் தசைகள் சரியாகச் செவிசாய்க்காத இளைஞர்களுக்கு மாவுச்சத்து மிகுந்த உணவு கொடுத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சர்க்கரை தசையில் சேமிப்பாகப் போயிற்று. இவர்களுக்குத் தசை வாங்கிக்கொள்ளாததால் அது கல்லீரலுக்குத் திரும்பிக் கொழுப்பாக மாறியது. அந்த உற்பத்தி இரு மடங்குக்கு மேல். 2011-இல் அதே குழுவினர் இத்தகைய இளைஞர்களை உணவுக்கு முன் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரே ஒரு தடவை. தசையின் சேமிப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடியது. கல்லீரல் புதிதாகக் கொழுப்பு செய்வது ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது.

பெரட்டுக்கு மணி அடித்த துரைமார் யாரும் தொழிலாளியின் கல்லீரலை எண்ணி அடிக்கவில்லை. இருந்தாலும் உழைத்துக் காலியான தசைக்குத்தான் அன்றைய சோறு போய்ச் சேர்ந்தது.

அந்த வாழ்க்கை எப்படிக் கலைந்தது என்பது பேராக் மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1950-களிலும் 60-களிலும் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வசூலித்துத் தோட்டங்களை வாங்க முனைந்தார். காப்பாற்றப்பட்டவை சில, கைமாறியவை பல. பிறகு பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்தது. உலகிலேயே அதிக ரப்பர் தந்த நாடு என்ற இடத்தை மலேசியா 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்திடம் விட்டுக்கொடுத்தது. எஞ்சிய தோட்டங்களில் இன்று குலை வெட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும்.

லயத்தோடு போனவற்றில் அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. குடும்பமுள்ள ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலமாவது பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒதுக்க வேண்டுமென்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எல்லாத் தோட்டமும் அதை ஒழுங்காகக் கொடுத்தது என்று நான் நம்பவில்லை. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் வெண்டியும் கத்தரியும் முருங்கையும் பயிற்றங்கொடியும் இருந்தன; கோழி மேய்ந்தது; சிலர் வீட்டில் பசு நின்றது. மலிவுவிலை அடுக்குமாடியின் நாலாவது மாடியில் முருங்கைக்கு இடமில்லை. கீரை இப்போது காசு கொடுத்து வாங்கும் பொருள்.

விலையைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். அண்மை ஆண்டுகளில் சர்க்கரை கிலோ 2 ரிங்கிட் 85 சென், பையில் அடைத்த சமையல் எண்ணெய் கிலோ 2 ரிங்கிட் 50 சென் என்று அரசு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அது உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் மாதச் சம்பளத்தின் கடைசி வாரத்தில் எது கைக்கு எட்டுகிறது என்பதையும் அந்த விலையே தீர்மானிக்கிறது.

அந்தப் பழைய டின் பாலுக்கு வருவோம். தோட்டத்தில் அது அளந்து ஊற்றும் பொருள். ஒரு டின் எத்தனை நாளைக்கு வரவேண்டும் என்று பாட்டிக்குக் கணக்கு இருந்தது. இன்று கடையில் தே தாரிக் ஆற்றுபவர் கரண்டியைக் கணக்குப் பார்த்து விடுவதில்லை. டின்னில் எடைக்கு ஏறக்குறைய பாதி சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி விட்டால் 20 கிராம் ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்கிறது. மலிவான டின்களில் இருப்பது பாலும் இல்லை, இனிப்பூட்டிய கிரீமர். அதில் பாலின் கொழுப்பை எடுத்துவிட்டுச் செம்பனை எண்ணெய் சேர்க்கிறார்கள். நிலத்தில் பால்மரத்தை அகற்றிய அதே மரம் டின்னுக்குள்ளும் பாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஈப்போ என்றால் வெள்ளைக் காப்பி. கொட்டையை மார்ஜரினில் வறுத்து, டின் பாலோடு நுரைக்க ஊற்றுவார்கள். இதில் ஒரு வேடிக்கை. கல்லீரலைப் பொறுத்தவரை காப்பி நல்லது. அதை வழக்கமாகக் குடிப்பவர்களுக்குக் கல்லீரலில் தழும்பு விழுவது குறைவாகக் காணப்படுகிறது. கெடுப்பது காப்பிக்குத் துணையாக வந்தவைதான். கூராங் மானிஸ், அதாவது இனிப்பு குறைவாக, என்று சொல்லிக் கேட்டால் கடைக்காரர் குறைத்துத் தருவார், அவர் கணக்குப்படி.

இனிப்பு பானங்களில் உள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையைத் தசை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. பெரும்பகுதியைக் கல்லீரல்தான் கையாள வேண்டும். மிஞ்சியதை அது கொழுப்பாக்குகிறது. அரசு 2019 ஜூலையில் 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. 2025 ஜனவரி முதல் அது 90 சென். தொழிற்சாலையில் அடைத்த பானத்துக்குத்தான் இந்த வரி. கடையில் ஆற்றித் தரும் தே தாரிக்குக்கு அந்த வரி இல்லை.

கல்லீரலில் சேரும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். தட்டிலிருக்கும் எண்ணெயும் இறைச்சியும் நேராகத் தந்தது 15 விழுக்காடுதான். கல்லீரல் தானே சர்க்கரையிலிருந்து செய்துகொண்டது 26. மீதி 59 விழுக்காடு உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து, குறிப்பாக இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கசிந்து வந்தது. ஆகவே எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் நிறுத்திவிட்டு, மூன்று வேளை மலையாகச் சோறும் நான்கு குவளை இனிப்புத் தேநீரும் தொடர்பவருக்குப் பலன் கிட்டாததில் வியப்பில்லை.

நம் 27 வயதுப் பிள்ளையின் நாள் எப்படி? கப்சாய் மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போகிறார். வழியிலேயே ரொட்டி சானாயோ நாசி லெமாக்கோ. பிறகு எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஒரே இடத்தில் நிற்பது, அல்லது திரை முன் உட்கார்வது. உணவு முதலில், அசைவு பிறகு, பல நாள் அதுவும் இல்லை. வாரம் மாற்றி வாரம் இரவு ஷிப்ட். உடம்பு உறங்க நினைக்கும் நேரத்தில், விடியற்காலை 3 மணிக்கு, மீ கோரெங்கும் மைலோ ஐஸும். தாத்தா பெரட்டுக்குக் கிளம்பிய வேளையை நெருங்கும்போது பேரன் சாப்பிட்டுவிட்டு உறங்க வருகிறார். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் உறவினர்களை நான் ஏற்க மாட்டேன். அவரும் உழைக்கிறார், அந்த உழைப்பில் தசைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

எண்கள் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கின்றன. தேசிய சுகாதார ஆய்வின்படி 1996-இல் மலேசியப் பெரியவர்களில் கூடுதல் எடை உடையவர்கள் 16.6 விழுக்காடு, உடற்பருமன் உடையவர்கள் 4.4. இரண்டையும் கூட்டினால் ஐந்தில் ஒருவர். 2023-இல் இரண்டும் சேர்ந்து 54.4, இரண்டில் ஒருவருக்கு மேல். 2019 ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 18.3. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இளம் வயதினரிடையே நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில் கொழுப்புக் கல்லீரல் மலாய், இந்திய ஆண்களிடமே கூடுதலாகக் காணப்பட்டது.

"ஆனால் என் பிள்ளை குண்டே இல்லையே" என்று அம்மா கேட்கலாம். நியாயமான கேள்வி. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் உடலையே எடுத்துக்காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர் உடலில் தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். தோலுக்கடியில் தங்க இடம் நிறைந்ததும் கொழுப்பு கல்லீரலுக்கு வழிகிறது. அதனால்தான் நமக்கு அபாயக்கோடு 25-இல் தொடங்குவதில்லை, 23-இலேயே தொடங்குகிறது. இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் தராசு என்ன சொன்னாலும் கவனிக்க வேண்டும். கொழுப்பைக் கல்லீரலிலேயே பிடித்து வைக்கும் ஒரு மரபணு மாற்றம் 2008-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் கண்டறியப்பட்டது. ஆசியரிடையேயும் அது பரவலாக உண்டு. குறைந்த எடையில் பிறந்த குழந்தை பிற்காலத்தில் கொழுப்பை இப்படிச் சேர்க்கிறது என்பது யாஜ்னிக் நெடுநாளாக ஆராய்ந்து வரும் கருத்து. கொக்கிப்புழுவும் மலேரியாவும் இரத்தம் குடித்த பாட்டிமாரின் வயிற்றில் பிறந்தவர்கள்தாம் இன்றைய பிள்ளைகளின் பெற்றோர். அந்தப் பழைய பசிக்கும் இன்றைய கொழுப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு எளிதில் விலகுவதில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், இளைஞர் ஒருவரின் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தவுடன் பழியைத் தே தாரிக்கின் மேல் போட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. மற்ற வாசல்களையும் திறந்து பார்க்க வேண்டும். முதலில் மதுவையே நேராகக் கேட்க வேண்டும். வார இறுதியில் மட்டும் பியர் என்பவர் தன்னைக் குடிப்பவராகக் கருதுவதில்லை. ஹெப்படைட்டிஸ் பி ஒரு காலத்தில் பெரிய கவலை. 1989-இலிருந்து மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு அதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள் என்பதால் நம் இளைஞருக்கு அந்தக் கவலை குறைவு. ஹெப்படைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் அரிது, ஆனால் இளம் வயதில் கல்லீரல் கெடும்போது தவறவிடக் கூடாதது. தைராய்டு சுரப்புக் குறைவு, பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்கக் கோளாறு ஆகியவையும் துணைக் காரணங்கள். பட்டினி கிடந்து எடையைச் சட்டென்று குறைப்பதும் கல்லீரலுக்குக் கொழுப்பை அனுப்பும்.

மருந்துகளில் ஸ்டீராய்டு, வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட், மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை பட்டியலில் உண்டு. இங்கே இந்நாட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கையும் சேரும். மூட்டுவலிக்கும் உடம்புவலிக்கும் என்று விற்கும் ஜாமுப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜிம்மில் தசை ஏற ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் வீட்டில் அதைச் சொல்வதில்லை. டாக்டர் கேட்டால் மறைக்கக் கூடாத விஷயம் அது.

கண்டுபிடிக்கும் முறையும் தலைகீழாக மாறிவிட்டது. டிரசர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்லி, ஈரலின் ஓரம் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். அவர் கைக்குத் தட்டுப்பட்ட நாளில் நோய் வெகுதூரம் போயிருக்கும். இன்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வலியில்லாமல் காட்டிவிடுகிறது, கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியிருந்தால். அதற்குக் குறைவானதை அது பல சமயம் காண்பதில்லை. ஏ.எல்.டி. என்ற இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. கொழுப்பேறிய பலருக்கு அது சரியாகவே இருக்கிறது. தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை வயதையும் இரத்த எண்களையும் வைத்துக் கணக்கிடும் வழக்கமான சூத்திரம் 35 வயதுக்குக் கீழே நம்பகமாக இல்லை. ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் அதைவிடத் தெளிவாகச் சொல்லும். சர்க்கரை, கொலஸ்ட்ரால், இரத்த அழுத்தம் மூன்றையும் கூடவே பார்க்க வேண்டும். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது கல்லீரல்கூட இல்லை, இதயம்.

பழைய நாளே நல்ல நாள் என்று பேசுவோர் தைப்பூசத்துக்கு ஈப்போவின் கல்லுமலைக் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் ஏராளம். அவர்களிடம் நான் சில எண்களைத்தான் சொல்வேன். 1957-இல் இந்நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று 10-க்கும் குறைவு. அன்று ஆணின் சராசரி ஆயுள் 56 வருஷத்தை ஒட்டி. இன்று 70-ஐத் தாண்டிவிட்டது. பாம்பும் காசநோயும் கங்காணியின் வசவும் இருந்த அந்த விடியற்காலை நடையை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை. பிள்ளைகள் காண்டா தூக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தலைமுறை மாதம் 10 வெள்ளி கட்டியது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அந்த ஆசை பலித்தது. நடை மட்டும் அதோடு சேர்ந்து போயிற்று.

ஈப்போ போலோ திடலில் காலை வேளையில் நடப்பவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் 50-ஐக் கடந்தவர்கள். டாக்டர் சொன்னபிறகு நடக்கத் தொடங்கியவர்கள் என்று பேச்சுக் கொடுத்தாலே தெரியும். நம் இளைஞரின் அப்பாவுக்கும் அந்த வயதில்தான் இனிப்புநீர் என்கிற நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. கால் புண் ஆறாமல் போய், அதைக் காட்டப் போன இடத்தில். அப்போது கண்ணும் சிறுநீரகமும் எவ்வளவு கெட்டிருந்தன என்று பார்ப்பதுதான் மீதி வேலையாக இருந்தது. மகனுக்கு இருபது வருஷம் முந்தியே ஸ்கேன் சொல்லிவிட்டது. தழும்பு விழாத கட்டத்தில் எடையில் 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் கல்லீரல் பெரும்பாலும் கொழுப்பை விட்டுவிடுகிறது. 80 கிலோ உள்ளவருக்கு ஆறிலிருந்து எட்டுக் கிலோ; அதையும் மெதுவாக. அரசுக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5. மகனுடைய அடுத்த பரிசோதனையில் இடுப்பைச் சுற்றி நாடாப் பிடித்து அளக்கச் சொல்லி அவரே கேட்கலாம். எடையை மட்டும் குறித்து அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை.